ஐஸ் மெஷின் கைவிட்டுப் போன வெள்ளிக்கிழமை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் வருஷம் மே மாதம் ராஸ் அல் கைமாவில் அடித்த வெயிலைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். ஈக்கள் பறப்பதை நிறுத்திவிட்டு நடந்தே போய் வந்தன. கல் குவாரி கேம்ப்பில் கோழி இட்ட முட்டையைச் சூடு ஆறினதும் அப்படியே உரித்துத் தின்றார்கள். காலையில் குளிக்க வேண்டுமானால் முதல் நாள் ராத்திரியே பக்கெட்டில் தண்ணீரைப் பிடித்து ஆறவிட வேண்டும். குளியல் விஷயத்தை அந்தக் காலத்தில் அங்கே இருந்த யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் சாட்சி, கேம்ப்பில் கடை வைத்திருந்த கீழக்கரை நெய்னா முகம்மது.

அப்பேர்ப்பட்ட மே மாதத்தில் ஒரு ஐஸ் மெஷின் கப்பலில் வந்து இறங்கியது. ஒன்றே ஒன்று. பெட்டியின் மேல் இரண்டு கம்பெனிகளின் பெயர் எழுதியிருந்தது. ஒன்று கல் குவாரி, மற்றது ரோட்டுக்கு அந்தப் பக்கம் துறைமுகம் கட்டுகிற கம்பெனி. இரண்டு கேம்ப்பிலும் சேர்த்து நானூறு பேர் கொதிக்கிற தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மேனேஜர்களும் அமெரிக்கர்கள். இரண்டு நாள் கத்தினார்கள். மூன்றாம் நாள் பேஸ்பால் ஆடித் தீர்த்துக்கொள்வது என்று கை குலுக்கினார்கள். ஜெயிக்கிற கேம்ப்புக்கு அடுத்த மேட்ச் வரைக்கும் ஐஸ் மெஷின். அடுத்த மேட்ச் டிசம்பரில்.

குவாரி மேனேஜர் ஹாஸ்கின்ஸிடம் அமெரிக்கர்கள் நாலு பேர்தான் இருந்தார்கள். ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். மிச்சத்தைக் கேம்ப்பில்தான் பொறுக்கினார். அப்படிப் பொறுக்கியதில் சிக்கிய வைரம் டிராஃப்ட்ஸ்மேன் பத்மநாபன்.

பத்மநாபன் மயிலாப்பூர்க்காரர். காலேஜ் நாளில் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டவர். கையை மடக்கி எறிகிறார் என்று மெட்ராஸில் ஒரு லீக் மேட்ச்சில் அம்பயர் அவர் போட்ட பந்துக்கெல்லாம் நோ-பால் கொடுத்துக்கொண்டே போனார். அந்த ஓவர் இன்னும் முடியவில்லை, இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது என்று மயிலாப்பூரில் சொல்வார்கள். பத்மநாபனுக்கு வலித்தது அம்பயர் அல்ல. பதினோராவது நோ-பாலின்போது அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு பையன், கேப்டன் கூப்பிடுவதற்கு முன்னாலேயே, தோளைச் சுழற்றிச் சுழற்றிக் கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். அந்தச் சுழற்றல் பத்மநாபனின் கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம் அவர் பந்தைத் தொடவில்லை.

பேஸ்பாலிலோ மடக்கி எறிவதுதான் ஆட்டமே. முதல் பயிற்சியில் அவர் எறிந்ததைப் பார்த்து ஹாஸ்கின்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். பத்து வருஷம் மறைத்து வைத்த குற்றத்துக்கு ஒரு மனுஷன் கைதட்டினால் எப்படி இருக்கும்? வீட்டுக்குப் போய் மனைவி ஷியாமளாவிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.

பேஸ்பால் விதி சிக்கலில்லை. ஒருவன் நடு மேட்டில் நின்று எறிய வேண்டும். எதிராளி கட்டையால் அடித்துவிட்டு மூலைக்கு மூலை ஓடி, நாலு மூலையும் சுற்றி வந்தால் ஒரு ரன். மூன்று பேரை வீழ்த்தினால் அந்தச் சுற்று முடிந்தது. வெயிலுக்காக ஏழு சுற்று என்று வைத்துக்கொண்டார்கள். கிரிக்கெட் மாதிரி ஆறு பந்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதில்லை. மேட்டில் நிற்பவனே எறிந்துகொண்டிருப்பான். அவனை இறக்கிவிட்டால் அன்றைக்குத் திரும்பி ஏறவும் முடியாது.

அதனால்தான் ஹாஸ்கின்ஸ் மைதானத்து ஓரத்தில் ஒரு பட்டி போட்டார். மெஸ்ஸுக்குள் ஆடு நுழையாமல் இருக்க வாங்கின கம்பிவலையில் மிஞ்சியதைக் கட்டி, உள்ளே தார்ப்பாயில் ஒரு நிழல். அடுத்து எறியப்போகிறவர்கள் கையைச் சூடாக்கிக்கொண்டு காத்திருக்கிற இடம் அது. அமெரிக்காவில் புல்பென் என்பார்களாம். நம் ஆட்கள் பட்டி என்றே கூப்பிட்டார்கள்.

"மேட்டில் முதலில் நிற்பவனை எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் மேட்ச்சை ஜெயிப்பது அந்தப் பட்டி" என்றார் ஹாஸ்கின்ஸ். "ஐந்து சுற்று எறிந்தவன் கை ஈயமாகிவிடும். அடிக்கிறவனும் மூன்றாவது தடவை வரும்போது அவன் பந்தை மனப்பாடம் செய்திருப்பான். அப்போது புதுக் கை, புது மாதிரி பந்து வர வேண்டும். பட்டியில் மூன்று பேர் வேண்டும். நல்லவர்களாகப் பார்த்துச் சேர்த்துவிடு, பத்மநாபன்."

கேம்ப்பில் இங்கிலீஷும் தமிழும் ஹிந்தியும் தெரிந்தவர் பத்மநாபன் ஒருவர்தான். ஹாஸ்கின்ஸ் சொல்வது எதுவானாலும் அவர் வாய்வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகும். அவர் பட்டி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் நெய்னா முகம்மது பலமாகத் தலையாட்டினார். அவர்தான் எறிந்த பந்தைப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கிறவர். கையுறையில் விழாத பந்தை வயிற்றால் பிடிப்பார். அந்த வயிற்றைத் தாண்டி ஒரு பந்தும் போனதில்லை.

"சரியாத்தான் சொல்றாரு வெள்ளைக்காரரு" என்றார் நெய்னா. "கல்யாண வீட்டுல மொத தேக்சா பிரியாணி பாதியா இருக்கும்போதே அடுத்த தேக்சாவுக்குத் தம் போட்டுரணும் ஐயரே. காலியானப்புறம் அரிசி கழுவுனா விருந்தாளி செருப்பைத் தேடிக்கிட்டுப் போயிருவான்."

"ஆள் மூச்சு விட்டிண்டிருக்கறச்சே பக்கத்து ரூம்ல பாடை கட்டுவாளா ஓய்?" என்றார் பத்மநாபன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

பட்டிக்குக் கடைசியில் ஒரே ஆள்தான் சேர்ந்தான். கிரேன் ஓட்டுகிற பட்டாணியன் ஒருவன் லீவில் போய்விட்டான். இன்னொருவனுக்கு அம்மை போட்டிருந்தது. வேறு இரண்டு பேரைப் பார் என்று ஹாஸ்கின்ஸ் சொன்னார். பத்மநாபன் பார்த்தார். பார்க்கவில்லை என்றும் சொல்லலாம்.

அந்த ஒரே ஆள் கார்மேகம். முதுகுளத்தூர்ப் பக்கம். குவாரியில் கல் ஏற்றுகிற வேலை. ஊரில் ஆடு மேய்த்தவன். வழி தப்புகிற ஆட்டின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் கல் விழுமாம், ஆடு மரியாதையாகத் திரும்பிவிடுமாம். ஒருதரம் ஆட்டுக்குப் பதில் பஞ்சாயத்து பிரசிடென்ட் திரும்பிவிட்டார் என்றும் கேள்வி. இங்கே வந்து எட்டு மாசம் ஆகிறது. பத்மநாபனிடம் சார் என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

மேட்ச் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு. ஜும்மாவுக்கு முன்னால் முடித்தாக வேண்டும். சுண்ணாம்புக் கல் தூளில் கோடு, மூலைகளுக்கு சிமென்ட் சாக்கு, பந்து தப்பினால் தடுக்க ஒரு டிப்பர் லாரி. நானூறு பேரும் வந்துவிட்டார்கள். ஆட்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஷியாமளா கூஜாவோடு நின்றாள்.

ஆட்டம் தொடங்குமுன் ஹாஸ்கின்ஸ் பத்மநாபனையும் கார்மேகத்தையும் கூப்பிட்டார்.

"இவனிடம் சொல். நாலாவது சுற்று முடிந்ததும் எழுந்து எறிய ஆரம்பிக்கட்டும். முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. தோள் சூடாகாமல் மேட்டுக்கு வரவே கூடாது. குளிர்ந்த தோளால் எறிந்தால் கிழிந்துவிடும்." சொல்லும்போதே தன் கையைப் பெரிய வட்டமாகச் சுழற்றிக் காட்டினார்.

பத்மநாபனின் கண்ணுக்குள் அந்த மெட்ராஸ் பையன் சுழன்றான். நான் எறிந்துகொண்டிருக்கும்போது இவன் அங்கே சுழற்றுவான். நானூறு பேரும் என்னைவிட்டு அவனைப் பார்ப்பார்கள்.

கார்மேகத்திடம் திரும்பினார். "நீ பேசாம நிழல்ல உக்காந்துக்கோ. கூப்பிடற வரைக்கும் எழுந்திருக்க வேண்டாம்கறார்."

கார்மேகம் ஹாஸ்கின்ஸைப் பார்த்தான். பத்மநாபனைப் பார்த்தான். "சரி சார்" என்றான்.

பக்கத்தில் நின்ற ஷியாமளா கூஜாவைக் கைமாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஐந்து சுற்றுவரை பத்மநாபன் எறிந்த எறியை ராஸ் அல் கைமா அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எதிராளிகள் பந்து போன பிறகு கட்டையைச் சுற்றினார்கள். ஒருவன் பந்து போன பிறகு வந்தே சேர்ந்தான். ஐந்துக்கு ஒன்று என்று குவாரி முன்னால் இருந்தது. ஐஸ் மெஷினின் பெட்டி மைதானத்து ஓரத்திலேயே இருந்ததால் ஆட்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "அக்னித் தண்ணி போச்சு, இனிமே ஆறு மாசம் ஐஸ் மோருதான் ஐயரே!" என்று நெய்னா கத்தினார்.

ஆறாவது சுற்றில் கை ஈயமாயிற்று. அவருக்குத் தெரிந்தது. எதிராளிகள் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு ரன் போயிற்று. ஹாஸ்கின்ஸ் பட்டியின் பக்கம் பார்த்தார். கார்மேகம் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு தர்பூசணியை மரியாதையாகத் தின்றுகொண்டிருந்தான்.

சுற்று முடிந்ததும் ஹாஸ்கின்ஸ் ஓடிவந்தார். "அவன் ஏன் உட்கார்ந்திருக்கிறான்? சூடாக்கிக்கொண்டானா?"

"ஆச்சு சார். இப்பத்தான் முடிச்சிட்டு உட்கார்ந்தான்" என்றார் பத்மநாபன் இங்கிலீஷில். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஒரு பொய் மேட்டில் நின்று களைத்தால் அடுத்த பொய்க்குப் பட்டி தேவையில்லை; அது எப்போதும் சூடாகவே இருக்கும்.

ஏழாவது சுற்று. ஐந்துக்கு இரண்டு. இரண்டு பேரை வீழ்த்தியாயிற்று, ஒருவன் பாக்கி. அந்த ஒருவன் விழவில்லை. நாலு பந்து அகலமாகப் போனால் எதிராளிக்கு அடிக்காமலே ஒரு மூலை; பத்மநாபன் எறிந்த பந்துகள் அகல அகலமாகப் போய் மூன்று மூலையிலும் மூன்று பேரை இலவசமாக நிறுத்தின. இன்னொருவன் கட்டையோடு வந்தான். அவன் துறைமுகக் கம்பெனியின் வெல்டர், ஆறரை அடி.

ஹாஸ்கின்ஸ் மேட்டுக்கு நடந்துவந்து கையை நீட்டினார். பத்மநாபன் பந்தைக் கொடுக்கவில்லை. ஹாஸ்கின்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டார். கார்மேகம் தர்பூசணித் தோலை ஒதுக்கி வைத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள், இவன் தோள் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் முன்னால் சொன்ன இரண்டும் வெளியே வரும். பத்மநாபன் தலையைக் குனிந்துகொண்டு ஓரத்துக்கு நடந்தார்.

கார்மேகத்தின் முதல் பந்து நெய்னாவின் வயிற்றைத் தாண்டியது. சரித்திரத்தில் தாண்டிய ஒரே பந்து அதுதான். டிப்பர் லாரியில் மோதித் திரும்புவதற்குள் ஒரு ரன். இரண்டாவதை மூச்சைக் கூட்டி எறிந்தான். தோளில் தேங்காய் உடைகிற சத்தம் ஒன்று ஓரத்தில் நின்ற பத்மநாபனுக்குக் கேட்டது. பந்து பணியாரம் மாதிரி மெதுவாகப் போயிற்று. வெல்டர் அதை ஆற அமரப் பார்த்து அடித்தான். அந்தப் பந்து மலையைத் தாண்டி ஓமானுக்குள் விழுந்தது. பாஸ்போர்ட்டும், கஃபீல் என்கிற அரபி ஸ்பான்சரும் இல்லாமல் அந்த எல்லையைக் கடந்தது இன்றுவரை அது ஒன்றுதான். மூன்று ரன். ஆறுக்கு ஐந்து. ஆட்டம் கலாஸ்.

கார்மேகம் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். துறைமுகக் கம்பெனிக்காரர்கள் ஐஸ் மெஷினை மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்கள்.

அன்று சாயங்காலத்திலிருந்து குவாரி கேம்ப்பில் சுடுதண்ணீரோடு ஒரு பெயரும் ஓடியது. "தர்பூசணி." மெஸ்ஸில் கார்மேகம் தட்டோடு வந்தால், "தர்பூசணிக்கு எடம் விடுங்கப்பா, உக்காந்து திங்கணுமாம்" என்றான் ஒருவன். "டூட்டியிலயும் உக்காந்துதான் இருப்பாரோ?" என்றான் இன்னொருவன். கார்மேகம் இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, ஸ்பூன் கேட்டு வாங்கினான். வலது கை தட்டுவரை வரவில்லை.

பத்மநாபனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. "அஞ்சு சுத்து சிங்கம் மாதிரி எறிஞ்சீங்க ஐயரே, பின்னால வந்தவன் கெடுத்துட்டான்" என்று நெய்னா ஒரு டின் பைனாப்பிளை இலவசமாகக் கையில் திணித்தார். நெய்னா இலவசமாகக் கொடுத்த இரண்டாவது பொருள் அது. முதலாவது வாடிக்கையாளருக்கான சலாம். பத்மநாபன் அந்த டின்னை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

வீட்டில் ஷியாமளா மூன்று நாள் பேசவில்லை. கேட்டதைச் செய்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் குழாயிலிருந்து நேராகப் பிடித்து, ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஹாஸ்கின்ஸின் ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலை கார்மேகத்தை விசாரிக்கிறார்கள், மொழிபெயர்க்கப் பத்மநாபன் வர வேண்டும். விஷயம் மேட்ச் தோற்றது அல்ல. குவாரியில் தினம் வெடி வைக்கிறார்கள். சைரன் ஊதி ஓடு என்றால் ஓட வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும். எழுந்திரு என்று நேராகச் சொன்ன பிறகும் உட்கார்ந்து பழம் தின்கிறவனைப் பாறைக்குக் கீழே நிறுத்த முடியாது. விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்புவதாக ஹாஸ்கின்ஸ் முடிவு பண்ணியிருந்தார். கேன்சல் என்ற சொல்லைக் கேட்டால் ஆறடி ஆளும் அங்கே நாலடியாகிவிடுவான்.

பத்மநாபன் இதை ஷியாமளாவிடம் சொல்லிவிட்டு, "பாவம்" என்றார்.

அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு பாவம்?"

"கார்மேகந்தான். கைவேற போயிடுத்து."

"ஏன்னா, நேக்கும் இங்கிலீஷ் தெரியும்" என்றாள் ஷியாமளா. "கூஜாவோட பக்கத்துலதானே நின்னுண்டிருந்தேன். அவர் என்ன சொன்னார், நீங்க என்ன சொன்னேள், ரெண்டும் நன்னா காதுல விழுந்தது."

பத்மநாபன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"அதை என்கிட்ட சொல்ல வேண்டாம்" என்று அவள் முறத்தைத் தட்டினாள். ஒரு கல் தரையில் விழுந்து உருண்டது.

செவ்வாய்க்கிழமை காலை. ஹாஸ்கின்ஸ் மேஜைக்குப் பின்னால். கார்மேகம் முன்னால், தோளைத் துண்டால் தொட்டில் கட்டிக்கொண்டு. பத்மநாபன் நடுவில்.

"கேள். கையைச் சூடாக்கச் சொன்னேனே, ஏன் செய்யவில்லை?"

பத்மநாபன் தமிழில் கேட்டார். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. நீங்கள்தானே உட்காரச் சொன்னீர்கள் என்று கார்மேகம் சொல்லப்போகிறான், அதை நான் மொழிபெயர்க்கப்போகிறேன். ராத்திரி பூராவும் அதற்குத்தான் தயார் பண்ணி வைத்திருந்தார். அவன் சொல்லட்டும். அவன் சொன்னால் தனக்குப் பாதி வேலை மிச்சம்.

கார்மேகம் தரையைப் பார்த்தான். "மறந்துட்டேன் சார். வெயிலுக்குப் பழம் நல்லா இருந்துச்சு, தின்னுக்கிட்டே மறந்துட்டேன்னு சொல்லுங்க."

பத்மநாபன் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்கிறான்?" என்றார் ஹாஸ்கின்ஸ்.

"மறந்துவிட்டானாம்."

"அப்படியானால் முடிந்தது. இந்த வாரமே அனுப்பிவிடலாம்." பேனாவை எடுத்தார்.

இந்தத் தடவை பத்மநாபன் சரியாக மொழிபெயர்த்திருந்தார், அது சுத்தப் பொய்யாக இருந்தது.

"சார், இவன் பொய் சொல்கிறான்" என்றார்.

பேனா நின்றது.

"நீங்கள் சொன்னதை நான் இவனிடம் சொல்லவில்லை. உட்கார்ந்திரு என்று சொன்னேன். ஆறாவது சுற்றில் தயார் என்று உங்களிடம் சொன்னதும் பொய். நான் மேட்டில் நிற்கும்போது இன்னொருவன் கையைச் சுழற்றுவதை என்னால் பார்க்க முடியாது சார்." இங்கிலீஷில் இதெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது. யாரோ வேறொருத்தனைப் பற்றி லெட்டர் டிக்டேட் பண்ணுகிற மாதிரி.

ஹாஸ்கின்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவுக்கு மூடி போட்டுவிட்டு, சாதாரணமாக, "எறிகிறவன் தோளுக்கு ஐஸ்தான் மருந்து" என்றார். "ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆறு வாரம். ஐஸ் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீயே போய் வாங்கி வந்து நீயே வைத்துவிடு. அதுவரைக்கும் இவனுக்கு டூல் ரூமில் உட்கார்ந்த வேலை."

பத்மநாபன் கார்மேகத்திடம் திரும்பினார். "கேன்சல் இல்லை. தோளுக்கு ஐஸ் வைக்கணுமாம். டூல் ரூம்ல வேலை" என்றார். சொல்ல வேண்டியதில் பாதி அதோடு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் ஆறு வாரம். தினம் மூன்று வேளை, டிராஃப்ட்ஸ்மேன் பத்மநாபன் ஒரு அலுமினியத் தூக்கோடு ரோட்டைத் தாண்டி எதிர்க் கம்பெனிக்கு நடந்தார். ஐஸ் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மலையாளி ஒருவன், அவர் தலை தெரிந்ததும் எழுந்து நின்று கையைப் பெரிய வட்டமாகச் சுழற்றுவான். சுற்றி நிற்கிறவர்களும் சுழற்றுவார்கள். இருபது கைகள் சுழலும். விஷயம் ரோட்டைத் தாண்டி வந்திருந்தது. ஹாஸ்கின்ஸ் சொல்லியிருக்கமாட்டார். பைனாப்பிள் டின்னைக் கடையில் திருப்பிக் கொடுத்தபோது பத்மநாபனேதான் நெய்னாவிடம் சொன்னார். நெய்னாவிடம் சொல்வதும் மசூதி மைக்கில் சொல்வதும் ஒன்று.

"அஸ்தஃபிருல்லாஹ், அல்லா மன்னிக்கணும்" என்றார் நெய்னா அன்றைக்கு. டின்னைத் துடைத்து ஷெல்ஃபில் வைத்துக்கொண்டார். கேம்ப்பில் தர்பூசணி என்ற பெயர் மறுநாளே நின்றது. பத்மநாபனுக்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. அவர் மெஸ் பக்கம் போனால் பேச்சு மட்டும் நின்றுவிடும்.

ரோட்டைத் தாண்டி வருவதற்குள் தூக்கில் பாதி ஐஸ் தண்ணீராகிவிடும். மிச்சத்தைத் துணியில் முடிந்து கார்மேகத்தின் தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். டூல் ரூமில், ஸ்பேனர்களுக்கு நடுவில், இருபது நிமிஷம். ஒவ்வொரு வேளையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருவார். இங்கிலீஷில் மேனேஜரிடம் சொன்னதைத் தமிழில் இவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. ஐந்து வாரம் அப்படியே போயிற்று.

ஆறாவது வாரம் ஒரு நாள் கார்மேகமே கேட்டான். "சார், அன்னைக்கு ஆபீஸ்ல இங்கிலீஷ்ல ரொம்ப நேரம் பேசுனீங்களே, என்ன சார் சொன்னீங்க?"

பத்மநாபன் துணியை அழுத்திப் பிடித்தார். தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஓடியது.

"கார்மேகம், அன்னிக்கு மேட்ச்ல அவர் உன்னை உட்காரச் சொல்லலை. நாலாவது சுத்துலயே எழுந்து கையைச் சூடு பண்ணிக்கச் சொன்னார். நான்தான்..."

கார்மேகம் தலையை ஆட்டினான். "தெரியும் சார்."

"யார் சொன்னா? நெய்னாவா?"

"யாரும் சொல்ல வேணாம் சார். வெள்ளைக்காரரு சொல்லும்போதே கையை இப்படிச் சுத்துனாருல்ல?" இடது கையால் வட்டம் போட்டுக் காட்டினான். "கையைச் சுத்துனா உக்காருன்னு அர்த்தமா சார்? ஆட்டுக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா உட்கார்ந்தே?"

கார்மேகம் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான். "நீங்க சொன்னீங்க, உக்காந்தேன். நீங்க அங்க நின்னு எறிஞ்சுக்கிட்டு இருக்கும்போது நான் இங்க கையைச் சுத்துனா பாக்க நல்லாவா இருக்கும்? உங்க மனசு கஷ்டப்படுமில்ல சார்."

பத்மநாபனின் கையிலிருந்த ஐஸ் முழுக்கக் கரைந்துபோயிருந்தது. அவர் ஈரத் துணியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு வெகுநேரம் தெரியவில்லை. கார்மேகத்துக்குத் தெரிந்திருக்கும். அவன் சொல்லவில்லை.

டிசம்பர் மேட்ச்சுக்குப் பட்டியில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரையும் தேடிப் பிடித்தது பத்மநாபன். மேட்டில் முதலில் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவரும் கம்பிவலைக்குள் போய் நின்றுகொண்டார். முதலில் எறிந்தவன் கார்மேகம். தோள் முக்கால்வாசி திரும்பியிருந்தது. மூன்றாவது சுற்றில் அவன் பட்டியைத் திரும்பிப் பார்த்தபோது உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் காற்றாடி மாதிரி கையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே தானே கையைத் தூக்கி ஆள் கேட்டான். அப்புறம் சுற்றுக்கு ஒருவராகச் சூடான கையோடு வந்து எறிந்தார்கள். எதிராளிகளுக்கு ஒரு பந்தை மனப்பாடம் செய்யும் முன்னால் அடுத்த பாடம் வந்துவிட்டது. ஏழுக்கு இரண்டு. கடைசிச் சுற்று வரைக்கும் பத்மநாபன் பட்டிக்குள் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஹாஸ்கின்ஸ் அவரைக் கூப்பிடவில்லை.

ஐஸ் மெஷின் ரோட்டைத் தாண்டி வந்து இறங்கிய அன்று ராஸ் அல் கைமாவில் ஆலங்கட்டி மழை பெய்தது. ஒவ்வொரு கட்டியும் புறாமுட்டை அளவு. நெய்னா முகம்மது அரை மூட்டை பொறுக்கிக் கடையில் விற்றார். குளிரில் பல் கிட்டிக்க, கம்பளி போர்த்திக்கொண்டு ஆட்கள் மெஷினைச் சுற்றி நின்று, ஜெயித்ததற்காக ஆளுக்கு ஒரு டம்ளர் ஐஸ் மோர் குடித்தார்கள். கார்மேகம் ஒரு டம்ளரை வலது கையால் நீட்டினான். "சார்."

பத்மநாபன் வாங்கிக்கொண்டார். உள்ளே ஐஸ் கட்டி டம்ளரில் தட்டுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் குடித்து முடித்துப் போன பிறகும் அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்தத் தோளில் கரைந்த மாதிரி இதுவும் கரையட்டும் என்று நின்றார்.